‘புரோ’ போட்டால் ஆயுள் கூடுமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஏற்காடு நாகலூரில் வசிக்கிறேன். 2017இல் வாங்கிய என் கணினியில் விண்டோஸ் 10 ஹோம் இருக்கிறது. வங்கிக் கணக்கு, ஓய்வூதிய விவரங்கள், பேரப்பிள்ளைகளின் படங்கள் எல்லாம் அதில்தான். ஆதரவு முடிந்துவிட்டதாகத் திரையில் அறிவிப்பு வருகிறது. சேலத்தில் ஒரு கடைக்காரர், "எண்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி போட்டால் 2032 வரை கவலையே இல்லை, 1,800 ரூபாய்" என்கிறார். இன்னொருவர் புரோ போதும் என்கிறார். எதைப் போடுவது?

பதில்: இரண்டும் வேண்டாம், டீச்சர். இரண்டுமே விண்டோஸ் 10-இன் வேறு வகைகள்: புரோ, ஹோமைவிட வசதி கூடியது; எண்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி, நிறுவனங்களுக்கான நீண்டகால ஆதரவு வகை. கணினியைத் தூக்கிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வரவும் வேண்டாம்.

புரோவில் வட்டைப் பூட்டும் வசதி உண்டு. வெளியூரிலிருந்து அந்தக் கணினிக்குள் நுழைந்து வேலை செய்யலாம், அலுவலக வலையமைப்பில் சேர்க்கலாம். உங்களுக்கு இவை எதுவும் தேவையில்லை. விண்டோஸ் 10 ஹோம், புரோ இரண்டுக்கும் ஆதரவு முடிந்தது ஒரே நாளில்தான்: 2025 அக்டோபர் 14. அதிக விலை கொடுத்தால் அதிக ஆயுள் என்று சொல்லி விற்பவர்களை இருபது ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆதரவு முடிந்தாலும் கணினி நின்றுவிடாது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் வேலைதான் நின்றுபோகிறது. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற தீய மென்பொருள் உலகம் முழுவதும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அதற்கான அடைப்பு மார்ச் மாதமே வந்துவிட்டது, போட்டுக்கொள்ளாதவர்கள்தான் மாட்டினார்கள். வங்கி வேலை பார்க்கும் கணினிக்கு இந்த அடைப்பு கட்டாயம் வேண்டும்.

வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை இந்த அடைப்புகளை மைக்ரோசாப்ட்டே தருகிறது. கணினியில் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபௌட் என்ற பக்கத்தில் பாருங்கள். பிறகு விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் ‘என்ரோல் நவ்’ என்று வரும். மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து, அமைப்புகளைச் சேமித்துவைக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை. ஐரோப்பியர்களுக்கு இந்தச் சம்மதம்கூட இல்லாமல் கொடுக்கிறார்கள். நம் ஊர் ஓய்வூதியதாரரிடம் மட்டும் ஏன் கைம்மாறு கேட்க வேண்டும்? எனக்கு அது பிடிக்கவில்லை. இருந்தாலும் பதிந்துகொள்ளுங்கள், ஓராண்டுப் பாதுகாப்பு முக்கியம்.

இனி எல்டிஎஸ்சி. கடைக்காரர் சொல்லும் 2032 முழுப் பொய் இல்லை, அதனால்தான் ஏமாறுகிறார்கள். அந்தப் பெயரில் இரண்டு உண்டு. எண்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021க்கு ஆதரவு 2027 ஜனவரி 12 வரைதான். ‘ஐஓடி’ என்ற சொல் சேர்ந்த எண்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021க்குத்தான் 2032 ஜனவரி 13 வரை. பெயரில் மூன்றெழுத்து வித்தியாசம், ஆயுளில் ஐந்தாண்டு வித்தியாசம். உங்களுக்குப் போடப்போவது எது என்று அவரிடம் கேளுங்கள். முதல் வகை என்றால், இலவசமாகக் கிடைப்பதைவிட மூன்று மாதம்தான் கூடுதல். அதற்கு 1,800 ரூபாய்!

ஐஓடி வகையே என்றாலும் அது பணம் எடுக்கும் இயந்திரம், பில் போடும் இயந்திரம், மருத்துவக் கருவி போன்ற ஒரே வேலைக்கான சாதனங்களுக்காக, அவற்றைத் தயாரிப்பவர்களுக்குக் கொடுப்பது. மற்றது நிறுவனங்கள் மொத்த உரிமமாக வாங்குவது. வீட்டுக்கு ஒன்று என்று எடுத்துக்கொடுக்க எந்தக் கடைக்காரருக்கும் உரிமை கிடையாது. அவர் தருவது எங்கோ கசிந்த உரிம எண்ணாக இருக்கும், அல்லது 180 நாளுக்கு ஒருமுறை பொய்யாகப் புதுப்பித்துக்கொள்ளும் திருட்டு மென்பொருளாக இருக்கும். அதை நிறுவ வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்வார்கள். பாதுகாப்புக்காகப் போய், காவல்காரரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைத்த கதைதான். அதோடு, ஹோமிலிருந்து அதற்கு மாற வட்டை அழித்துத்தான் நிறுவ வேண்டும், படங்கள் போய்விடும். எண்டர்பிரைஸுக்கு மாறிய கணினிக்கு அந்த இலவச ஓராண்டும் கிடையாது.

ஏற்கெனவே யாராவது கைவைத்திருக்கிறார்களா என்று செட்டிங்ஸில் உரிமத்தைக் காட்டும் ஆக்டிவேஷன் பக்கத்தில் தெரியும். ‘டிஜிட்டல் லைசென்ஸ்’ என்று இருந்தால் நல்லது. வீட்டுக் கணினியில் ‘ஆர்கனைசேஷன்ஸ் ஆக்டிவேஷன் சர்வீஸ்’ என்று வந்தால் ஏதோ தவறு நடந்திருக்கிறது. பயப்பட வேண்டாம்: படங்களை வெளிவட்டில் எடுத்துவிட்டு ஹோமையே மறுபடி நிறுவினால், பழைய உரிமம் தானாக வந்து சேரும்.

விண்டோஸ் 11க்கு மாறலாமே என்று அடுத்து ஒருவர் வருவார். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியாவது (பிராசசர்) வேண்டும். 2017இல் வாங்கிய உங்கள் கணினியில் அநேகமாக அது இருக்காது. கணினி தகுதியானதா என்று விண்டோஸ் 11 பார்க்கும் சோதனையைத் தாண்டவைத்துச் சிலர் நிறுவித் தருவார்கள். அப்படிப்பட்ட கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாப்ட் உறுதி தருவதில்லை. நன்றாக ஓடும் கணினியைத் தேதி போட்டுக் குப்பைக்கு அனுப்பும் இந்த ஏற்பாடு எனக்கு எரிச்சலூட்டுகிறது. ஆனால் குறுக்கு வழி அதற்குப் பதில் ஆகாது.

2026 அக்டோபருக்குள் வேறு கணினிக்குப் பணம் ஒதுக்குங்கள். பழையதே வாங்கினாலும் சரி. பணம் கொடுப்பதற்கு முன் செயலியின் தலைமுறையைக் கேளுங்கள், ஆக்டிவேஷன் பக்கத்தை உங்கள் கண்முன் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.