ஐஸ் கட்டி வைத்துப் போட்ட சாயம் ஏன் கழுவியதும் போய்விடுகிறது?

சாயப்பொடியைக் குறை சொல்லுமுன் துணியைப் பாருங்கள். பாலியஸ்டர் கலந்த டி-சர்ட்டில் இந்தச் சாயம் சரியாகப் பிடிக்காது. திருப்பூர் பக்கம் இருப்பவர்களுக்குக் கவலையில்லை, வெட்டுத்துணியாகவே நூறு சதவீதப் பருத்தி பனியன் துணி கிடைக்கும். வெளுத்த (ப்ளீச் செய்த) துணியா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். வெளுக்காததில் பருத்தியின் மெழுகு இருப்பதால் சாயம் சரியாக இறங்காது.

அடுத்தது சோடா. பலரும் சமையல் சோடாவைப் போட்டு ஏமாறுகிறார்கள். வேண்டியது சலவைச் சோடா, லிட்டருக்கு 50 கிராம் போல. அதில் துணியை 20 நிமிடம் ஊறவைத்துப் பிழியுங்கள், அலசக் கூடாது. அந்தக் காரம்தான் சாயத்தை நூலோடு பிணைக்கிறது.

இதற்கு வேண்டிய சாயம் 'ரியாக்டிவ்' (நூலோடு வேதிமுறையில் பிணைவது), அதிலும் சூடாக்காமலே பிடிக்கும் குளிர்ச்சாய வகை. பட்டறைகளில் ஓடும் பல சாயங்களுக்கு 60 டிகிரிச் சூடு வேண்டும், அவை இதற்கு ஆகாது.

சல்லடைமேல் துணியைக் கசக்கி வைத்து, ஐஸைக் குவித்து, மேலே பொடியைத் தூவுங்கள் (மூக்கில் துணி கட்டிக்கொண்டு!). ஐஸ் மெல்ல உருக, கலவை நிறங்கள் பிரியும். ஊதாவில் ஓரம் நீலமாகவும் நடுவே இளஞ்சிவப்பாகவும் கசிவதைப் பார்க்கவே ஒரு நாள் போதாது. 24 மணி நேரம் விட்டு, முதலில் பச்சைத்தண்ணீரிலும் அப்புறம் சுடுதண்ணீரிலும் அலசுங்கள்.

கழிவுத் தண்ணீரைக் கிணற்றடியில் கொட்டிவிடாதீங்க. சாயக்கழிவால் நொய்யல் ஆறு பட்டது போதும்.