நண்பனுடன் ஆறுதலாக ஒரு சில நாள் போய்வர தென்கிழக்காசியாவில் எந்த நகரம் நல்லது?

உங்கள் ஊர் வவுனியா என்று போட்டிருக்கிறீர்கள். இரண்டு பேருக்கும் இதுதான் முதல் வெளிநாடு, செலவு கனக்க வேண்டாம், ஓடித் திரிய விருப்பமில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருக்கிறது, கடவுச்சீட்டு எடுத்தாயிற்று, வீட்டில் இன்னும் வாய் திறக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

பாங்கொக் போங்கள். 2024 ஜூலையில் தாய்லாந்து 93 நாட்டுக்காரர்கள் விசா இல்லாமல் 60 நாள் நிற்கலாம் என்று அறிவித்தபோது இலங்கையும் அதற்குள் இருந்தது. இந்த விதிகள் அடிக்கடி மாறுகிறவை, டிக்கெட் போடுமுன் ஒருக்கால் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 மே மாதத்திலிருந்து, போய் இறங்குவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் இணையத்தில் ஒரு வருகை அட்டை நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் அது அரசாங்கத்தின் தளம் இல்லை. சிங்கப்பூருக்கும் நமக்கு விசா வேண்டாம்தான், ஆனால் அங்கே அறைக்குக் கொடுக்கும் காசில் பாங்கொக்கில் சாப்பாடு, அறை, சுற்றல் எல்லாம் முடியும். பாங்கொக்குக்குப் பறப்பு ஏறத்தாழ மூன்றரை மணித்தியாலம். எங்கள் கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் பஸ்ஸில் போக அதைப் போல இரண்டு மடங்கு நேரம் எடுக்கும்.

இவ்வளவும் யூடியூப்பில் கிடக்கிறது. ஊரில் உங்களுக்குக் கிடைக்கப்போகும் வரவேற்பைத்தான் அங்கே ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

நான் கிளிநொச்சியில் தண்ணீர் பம்பி, லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெசின் எஞ்சின் திருத்துகிறவன். நண்பன் வயல் செய்கிறான். இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகத் திரிகிறவர்கள், இடம்பெயர்ந்தபோதும் ஒரே தறப்பாளுக்குக் கீழே கிடந்தவர்கள். ஒரு சீட்டுக் கட்டி, அது விழுந்ததும் பாங்கொக் போய்வருவோம் என்று முடிவெடுத்தோம். செய்தி வெளியே வந்த அன்றே பக்கத்து வளவு ஐயா வேலிக்குள்ளால் கேட்டார்: "எவ்வளவு தம்பி கட்டினனி? ஏஜென்சி ஆர்?" நான் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்றேன். சரி சரி, சொல்லாதே, வாய் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார். அம்மா அதற்கும் மேலே: "போற நீ அப்பிடியே அங்கால எங்கையாவது போய் நில்லன். திரும்பி வந்து என்னத்தைச் செய்யப்போறாய்?" மனைவி மட்டும்தான் நேராகக் கேட்டாள்: "எல்லாரும் கனடா போக பாங்கொக் போறாங்கள். நீங்கள் திரும்பி வாறதுக்கோ போறியள்?"

நண்பனின் மனைவிக்கு வேறு சந்தேகம். என்ன சந்தேகம் என்று நான் எழுதத் தேவையில்லை. இரண்டு ஆம்பிளைகள் பாங்கொக் போனால் உலகம் முழுக்க அதைத்தான் நினைக்கும். பாட்பொங் என்ற இரவுக் கேளிக்கைத் தெரு எங்கள் அறையிலிருந்து நடைதூரம், அதைக் கடந்துதான் சாப்பிடப் போனோம். கடந்துதான் போனோம். நம்புகிறவர்கள் நம்பட்டும், மற்றவர்கள் கீழே கருத்து எழுதிக் களைத்துப் போங்கள்.

வன்னியில் தாய்லாந்து என்ற பெயருக்கு வயது வந்தவர்கள் எல்லோரும் ஒரு கணம் நிமிர்வார்கள். 2002 செப்டெம்பரில் அங்கே சத்தஹீப் கடற்படைத் தளத்தில் அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் முதல் சுற்றுப் பேச்சுவார்த்தை நடந்தபோது எங்கள் வீட்டு றேடியோவைச் சுற்றி ஒழுங்கை முழுவதும் இருந்தது. அந்த வருடம்தான் யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை திறந்து நான் முதன்முதல் ஐஸ்கிறீம் தின்றேன். பிறகு 2009இல் யுத்தம் முடிந்து, அதே தாய்லாந்து எங்கள் ஆட்கள் ஒளித்திருக்கும் இடமாகிப் போனது. 2010இல் அந்தப் பக்கமிருந்து புறப்பட்ட சன் சீ கப்பல் 492 பேரோடு கனடாக் கரையில் போய் நின்றது உங்களுக்கும் நினைவிருக்கும். ஆகவே வேலிக்குள்ளால் கேட்ட ஐயாவில் எனக்குக் கோபமில்லை. அவர் கண்டதெல்லாம் போனவர்களைத்தான். சும்மா போய் சும்மா வந்தவனை அவர் காணவில்லை.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். "இந்தக் காசுக்கு ஒரு மாடு வாங்கியிருக்கலாமே" என்றவர், போன வருடம் மகளின் சாமத்திய வீட்டுக்கு ட்ரோன் பறக்கவிட்டு, மண்டபம் எடுத்து, பிள்ளையைத் தேரில் வைத்து இழுத்தவர். கடன் இன்னும் கட்டுகிறார். அந்த இரவு அங்கே சாப்பிட்டவர்களில் ஒருவர்கூட மாட்டுக்கணக்குச் சொல்லவில்லை. வந்திருந்த வெளிநாட்டுச் சொந்தக்காரர், மூன்று கிழமை லீவில் வந்து இரணைமடுக் குளக்கட்டில் நின்று படம் எடுத்தவர், "நீங்கள் சேமிக்கப் பழக வேணும்" என்று எனக்குப் புத்தி சொன்னார். அவர் எங்கள் ஊரில் வந்து சும்மா இருக்கலாம், நான் இன்னொரு ஊரில் போய் சும்மா இருக்கக்கூடாது. கடன்பட்டுப் போங்கள் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. சோற்றுக்கு வழியில்லாதவர்களைப் பார்த்து ஊர் சுற்றுங்கள் என்றும் சொல்லவில்லை, அப்படிக் கிளம்பி வராதீர்கள். சீட்டுக் காசு என் காசு, அவ்வளவுதான்.

சரி, பாங்கொக்.

சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு ஆட்டோ, டாக்சி என்று போகாதீர்கள். கீழ்த்தளத்தில் ரயில் இருக்கிறது, பயா தாய் நிலையம் வரை 45 பாத். ஒரு பாத் ஒன்பது, பத்து ரூபாய் என்று கணக்குப் பாருங்கள். நாங்கள் சீலோம் பக்கம் ஒரு சின்ன அறை எடுத்தோம். அங்கே தெருவோரத்திலேயே மாரியம்மன் கோயில், தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் 19ஆம் நூற்றாண்டில் கட்டியது. உள்ளே கும்பிடுகிறவர்களில் அதிகம் பேர் தாய்லாந்துக்காரர். அலுவலக உடுப்போடு வந்து, தேங்காயும் வாழைப்பழமும் வைத்த தட்டை ஐயரிடம் நீட்டுகிறார்கள். என் நண்பன் வெள்ளிக்கிழமை மச்சம் தொடமாட்டான், அந்த நாளில் அவனுக்குச் சாப்பாடு அந்தச் சுற்றுவட்டார இந்தியக் கடைகளில்தான். மற்ற நாட்களில் தெருக்கடை. ஒன்று சொல்லிவிடுகிறேன், அவர்கள் மரக்கறி என்று தருவதிலும் மீன்சாறு இருக்கும். விரதக்காரர்கள் கவனம். பப்பாசிக்காயைச் சீவி, உரலில் போட்டு, மிளகாய், தேசிக்காய், காய்ந்த இறாலோடு இடித்துத் தருவார்கள். காரம் எங்களுக்கே கண்ணீர் வந்தது.

கோயில்கள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். வாட் அருண் ஒன்று போதும். கோபுரம் முழுக்கச் சீனப் பீங்கான் துண்டுகளைப் பூப்பூவாகப் பதித்திருக்கிறார்கள், கிட்டப் போய்ப் பார்க்க வேண்டியது. அங்கே போக சாத்தோர்ன் இறங்குதுறையில் ஆரஞ்சுக் கொடிப் படகு எடுங்கள், நாங்கள் போனபோது 16 பாத். சுற்றுலாப் படகுக்காரர் முதலில் கையைப் பிடிப்பார்கள், உதறிவிட்டுக் கொடியின் நிறத்தைப் பாருங்கள்.

ஆனால் நான் அந்தத் துறையில் கோபுரத்தைவிடக் கனநேரம் பார்த்தது நீளவால் படகுகளை. லொறியிலோ காரிலோ கழற்றின எஞ்சினை அப்படியே தூக்கிப் படகின் பின்பக்கம் ஒரு முளையில் நிறுத்தியிருக்கிறார்கள். மூடி இல்லை, பெட்டி இல்லை, குழாயும் வயரும் வெளியே தெரிய எஞ்சின் நிற்கிறது. அதிலிருந்து நீளமான ஒரு இரும்புத் தண்டு, நுனியில் சின்ன விசிறி. சுக்கான் என்று தனியாக ஒன்றுமில்லை, ஓட்டுகிறவன் ஒரு கைபிடியால் அந்த முழு எஞ்சினையும் திருப்புகிறான். படகைத் திருப்ப எஞ்சினே திரும்புகிறது! ஆழமில்லாத இடம் வந்தால் தண்டைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடுகிறான். ஒருவன் இறங்குதுறையில் பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். அவன் சாவியை நீட்டினான், நான் இறுக்கிக் கொடுத்தேன். இரண்டு பேருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. நண்பன் பின்னால் நின்று, "டேய், கடையைப் பூட்டிப்போட்டு இஞ்ச வந்து திறந்திட்டியே" என்றான்.

நகரத்துக்குள்ளே ஓடும் சேன் சேப் வாய்க்காலிலும் ஒருக்கால் ஏறுங்கள். தண்ணீர் மணக்கும். படகின் இரண்டு பக்கமும் பிளாஸ்ரிக் திரை, கயிற்றை இழுத்தால் மேலே வரும், தண்ணீர் தெறிக்காமல் இழுத்துப் பிடிப்பது பயணிகளின் வேலை. டிக்கெட் எடுப்பவர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வெளிவிளிம்பால் நடந்து வருகிறார். தாழ்ந்த பாலம் வந்தால் படகின் கூரையே கீழே இறங்குகிறது.

மிச்ச நேரமெல்லாம் லும்பினி பூங்காவில் கிடந்தோம். ஓடித் திரிய விருப்பமில்லை என்ற உங்களுக்கு நான் உண்மையில் சொல்ல வந்த இடம் இதுதான். பெரிய மரங்கள், நடுவில் குளம், குளத்தில் ஆளளவு கபரக்கொய்யாக்கள், உடும்புச் சாதியில் தண்ணீரில் திரிகிற பெரியது. எங்கள் ஊரில் உடும்பென்றால் சட்டிக்குப் போகும். கபரக்கொய்யாவை நாங்களும் தொடுவதில்லை, ஆனால் இப்படி நடைபாதையில் ஆட்களுக்கு நடுவே அது ஆடி ஆடிப் போவதை நான் கண்டதில்லை. ஓடுகிறவர்கள் அதற்கு வழிவிட்டு ஓடுகிறார்கள். கூடிப்போய்விட்டது என்று 2016இல் கொஞ்சத்தைப் பிடித்து வேறிடத்துக்கு மாற்றினார்களாம். அப்படியும் குறைவில்லை.

முதல் நாள் பின்னேரம் ஆறு மணிக்கு ஒலிபெருக்கி பேசத் தொடங்கியது. ஓடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். சைக்கிள்காரன் ஒற்றைக் காலை ஊன்றி நின்றான். நண்பன் என் முழங்கையைப் பிடித்துவிட்டான். எங்களுக்கு ஒலிபெருக்கியும், ஆட்கள் சட்டென்று நிற்பதும் வேறு பழக்கத்தில் வந்தவை. பிறகுதான் விளங்கியது, அவர்களின் தேசிய கீதம். காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் பொது இடங்களில் போடுவார்கள். முடிந்ததும் எல்லோரும் விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கினார்கள். நீங்களும் எழும்பி நில்லுங்கள், அது மரியாதை.

அந்தப் பூங்காவில் இருந்துதான் நண்பன் தன் சித்தப்பாவுக்கு வாட்சப்பில் வீடியோ கோல் எடுத்தான். இப்போது கனடாவில் இருக்கிறார். அதற்கு முன் பாங்கொக்கில் வருடக்கணக்கில் ஒரு அறைக்குள் ஏழெட்டுப் பேரோடு இருந்தவர். தாய்லாந்து 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தில் கையெழுத்திடாத நாடு. அவர் இருந்த காலத்தில் ஐநா கடிதம் கையில் இருந்தாலும் பொலிஸ் பிடித்தால் உள்ளேதான். குடிவரவுத் தடுப்பு நிலையம் சுவான் புளூ தெருவில் இருக்கிறது, அதுவும் அந்தப் பூங்காவிலிருந்து நடக்கக்கூடிய தூரம்தான். நண்பன் போனைச் சுற்றித் திருப்பிக் குளத்தைக் காட்டினான்.

"உது எந்த இடம் மோனை?"

"லும்பினி, சித்தப்பா. நீங்கள் இருந்த பக்கம்தான்."

"எனக்கு அந்தப் பக்கமெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது அறைச் சுவரும் கீழ்க்கடைச் சோறும்தான்." கொஞ்சம் பொறுத்து, "உந்த உடும்பைப் பிடிச்சுக் காய்ச்ச மாட்டினமோ?" என்றார். கபரக்கொய்யா என்று விளக்க இவனுக்குக் கனநேரம் எடுத்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இன்னொருக்கால் காட்டு" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். போனில் சார்ஜ் தீரும்வரை காட்டிக்கொண்டிருந்தான்.

எப்போது போவது என்று கேட்டிருக்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை அங்கே வெயில் குறைவு என்று எல்லோரும் எழுதுவார்கள். அது காலபோகக் காலம், வயல்காரன் எங்கே போவது? நாங்கள் அருவி வெட்டு முடிந்து, சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்குமுன் மார்ச்சில் போனோம். வெயில் கொதிக்கும், கிளிநொச்சியில் இருந்து போகிறவனுக்கு அதொன்றும் புதிதில்லை. ஏப்ரல் நடுப்பகுதியில் அவர்களின் சொங்கிரான் புத்தாண்டு, தெருவில் போகிறவர் மேலெல்லாம் தண்ணீர் ஊற்றுவார்கள். நனைய விருப்பமென்றால் அப்போது போங்கள், ஆறுதல் மட்டும் கிடைக்காது.

இன்னொன்று. போய்வந்த படங்களை முகநூலில் போட்டதிலிருந்து உள்பெட்டியில் ஏஜென்சி நம்பர் கேட்டு ஆட்கள் எழுதுகிறார்கள். என்னிடம் நம்பர் இல்லை. பம்பி பழுதென்றால் எழுதுங்கள்.