சுவையான வகுப்பும் நிலைக்கும் பாடமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் மருத்துவக் கல்லூரி மாணவி. எங்கள் மருந்தியல் பேராசிரியரின் வகுப்பில் நேரம் போவதே தெரியாது. எல்லாம் புரிந்துவிட்டதாகவே தோன்றும். ஆனால் தேர்வு முடிந்த சில வாரங்களில் பெரும்பகுதி மறந்துவிடுகிறது. இவ்வளவு நன்றாக நடத்தப்பட்ட பாடம் ஏன் நிற்பதில்லை?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் பேராசிரியரிடமும் குறையில்லை, உங்கள் நினைவாற்றலிலும் குறையில்லை. நல்ல பேச்சைக் கேட்டு மகிழ்வதும் அதிலுள்ளதைக் கற்பதும் ஒன்றென்று நம் மனம் எளிதில் எண்ணிவிடுகிறது. 1973இல் வெளியான ஓர் ஆய்வில், நடிகர் ஒருவரை 'டாக்டர் ஃபாக்ஸ்' என்னும் நிபுணராக அறிமுகப்படுத்தி, மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் இருந்த அவையில் பேசவைத்தார்கள். முன்னுக்குப்பின் முரணான, சாரமற்ற அந்த உரையைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் பாராட்டவே செய்தனர்.

இதனால் சுவையான கற்பித்தல் வீண் என்று ஆகிவிடாது. ஸ்லைடுகளை வரிவரியாக வாசிக்கும் வகுப்பில் கவனமே நிற்பதில்லை. கவனமில்லாமல் எதுவும் பதியாது. ஆனால் ஈர்த்த கவனத்தைக் கொண்டு ஆசிரியர் மாணவரை என்ன செய்யவைக்கிறார் என்பதே முக்கியம். சிறுநீரைப் பெருக்கும் மருந்தான ஃபியூரோசமைடு இரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கும் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அல்லது, அம்மருந்தை உட்கொள்ளும் நோயாளிக்குத் தசை பலவீனமும் இசிஜி மாற்றமும் தெரிகின்றன, ஏன் என்று கேட்டு, சிறுநீரக நுண்குழலின் இறுதிப் பகுதிக்குக் கூடுதலாகச் சோடியம் வந்துசேர்வதால் அங்கே பொட்டாசியம் அதிகமாக வெளியேறுகிறது என்பதை மாணவர்களே தட்டுத்தடுமாறிக் கண்டடையும்வரை காத்திருக்கலாம். இரண்டாவதையே நான் நல்ல கற்பித்தல் என்பேன்.

அதற்கு அடுத்த படியை 2009இல் லார்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. பயிற்சி மருத்துவர்கள் அனைவரும் கலந்துரையாடலாக நடந்த ஒரே வகுப்பில் இரண்டு நோய்களைப் பற்றிக் கற்றார்கள். பின்னர் இரண்டு வார இடைவெளிகளில், ஒரு நோயைப் பற்றிச் சிறு தேர்வெழுதினார்கள், மற்றதற்குக் குறிப்புத்தாளை மறுபடி படித்தார்கள். ஆறு மாதங்களுக்குப் பின், தேர்வெழுதிய பாடத்தில் சராசரி மதிப்பெண் 13 சதவீதப் புள்ளிகள் அதிகமாக இருந்தது. வகுப்பு ஒன்றே, நினைவிலிருந்து திரும்ப எடுத்த பழக்கமே வேறுபாடு.

ஆகவே உங்கள் பேராசிரியரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும், இரண்டு வாரங்களுக்கு முன் நடத்தியதிலிருந்து மதிப்பெண் இல்லாத சில கேள்விகள். விடை வராமல் திணறும் அந்த நிமிடங்கள் முதலில் கசக்கும். அதனால் நிறுத்திவிட வேண்டாம்.

அன்புடன்.