பெயர் தெரியாத ஒருவருக்கு விண்ணப்பக் கடிதம்: டோர்ட்முண்டுக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

நுண்ணுயிரியல் பட்டத்துடன் நான்கு மாதங்களுக்கு முன் ஜெர்மனியின் டோர்ட்முண்டுக்கு வந்திருக்கும் நீங்கள், உணவுப் பரிசோதனை ஆய்வகம் ஒன்றுக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்ததாகவும், விளம்பரத்தில் எவர் பெயரும் இல்லாததால் முதல் வரியிலேயே நின்றுவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். ஊரில் எழுதிப் பழகிய 'மதிப்பிற்குரிய ஐயா' என்பதையே ஜெர்மனில் மாற்றி எழுதினால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது, அப்படி எழுத வேண்டாம். ஏன் என்பதை என் கடிதத்தை வைத்தே சொல்கிறேன்.

2006-ஆம் ஆண்டு இந்த நாட்டில் நான் எழுதிய முதல் விண்ணப்பத்தை 'ஸேர் கெஏர்ட்டர் ஹெர்' என்று தொடங்கி, அதோடு காற்புள்ளியும் போட்டுவிட்டேன். 'ஹெர்' என்றால் ஐயா என்றுதான் நினைத்திருந்தேன். அது குடும்பப் பெயரோடு ஒட்டி வர வேண்டிய சொல். பெயரில்லாமல் தனியாக நின்றால், 'திரு' என்று எழுதிவிட்டுப் பெயரை எழுத மறந்ததுபோல இருக்கும். மூன்று வாரம் கழித்து மறுப்புக் கடிதம் வந்தது. கையொப்பமிட்டிருந்தவர் ஒரு பெண். அவர் என்னை 'ஸேர் கெஏர்ட்டெ ஃப்ராவ்' என்று விளித்து, கடவுச்சீட்டில் குடும்பப் பெயராகப் பதிவாகியிருந்த என் அப்பாவின் பெயரை, பதினான்கு எழுத்தையும் ஒன்றுகூடப் பிசகாமல் எழுதியிருந்தார். இரண்டு கடிதங்களையும் சமையலறை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், இங்கே விளி என்பது வெறும் மரியாதைச் சொல் அல்ல, எதிரே இருப்பவர் யார் என்று கவனித்ததற்கான அடையாளம் என்று எனக்குப் புரிந்தது. இப்போது நான் வேலை செய்யும் அலுவலகத்தில் வரும் விண்ணப்பங்களை முதலில் பிரித்துப் படிக்கும் இருவரில் நானும் ஒருத்தி. அதனால் இதை மேசையின் இரு பக்கத்திலிருந்தும் பார்த்தவளாகவே எழுதுகிறேன்.

பெயர் எங்கு தேடியும் கிடைக்கவில்லை என்றால் எழுத வேண்டிய தொடர் 'ஸேர் கெஏர்ட்டெ டாமென் உண்ட் ஹெரன்' என்பது. மதிப்பிற்குரிய பெண்களே, ஆண்களே என்று பொருள். இதைப் பழையது, சோம்பேறித்தனமானது என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நான் அதை ஏற்கவில்லை. இந்தத் தொடருக்காக ஒரு விண்ணப்பத்தை நாங்கள் ஒதுக்கி வைத்ததே இல்லை. தவறான பெயரோடு வந்த கடிதமும், முந்தைய நிறுவனத்தின் பெயரை மாற்றாமல் அனுப்பிய கடிதமும்தான் படிப்பவர் மனத்தைச் சுருங்க வைக்கின்றன. ஆகவே பெயரைத் தேடுங்கள், ஆனால் ஊகிக்காதீர்கள்.

தேடுவதற்கு முதல் இடம் விளம்பரத்தின் அடிப்பகுதிதான். தொடர்புகொள்ள வேண்டியவர் என்று பொருள்படும் 'அன்ஷ்ப்ரெஹ்பார்ட்னர்' என்றோ, கேள்விகள் இருந்தால் இன்னாரை அணுகவும் என்றோ ஒரு வரி அங்கே இருந்தால், அந்தப் பெயருக்கே எழுதுங்கள். அடுத்தது நிறுவனத்தின் இணையதளம். வேலைவாய்ப்புப் பக்கத்தில் பணியாளர் துறையினரின் படமும் பெயரும் போட்டிருப்பார்கள். அங்கும் இல்லாவிட்டால், தளத்தின் அடியில் 'இம்ப்ரெஸும்' என்று ஒரு பக்கம் இருக்கும். வணிக நோக்கில் தளம் நடத்துகிறவர்கள், நிறுவனத்தின் முகவரியையும் அதன் சார்பில் பொறுப்பேற்பவரின் பெயரையும் அதில் வெளியிட வேண்டும் என்பது இங்கே சட்டம். புதிதாக வந்தவர்கள் பலர் அங்கேதான் தவறு செய்கிறார்கள். பத்துப் பேர் வேலை செய்யும் சிறிய ஆய்வகம் என்றால், அங்கே பெயருள்ள மேலாண் இயக்குநரே உங்கள் கடிதத்தையும் படிப்பார். அவரை விளித்து எழுதுவது பொருத்தம். ஆயிரம் பேர் உள்ள நிறுவனத்தில் அதே பெயரை எழுதினால், அது படிப்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒருவரை விளித்ததாகிவிடும். லிங்க்டுஇன், ஸிங் போன்ற தளங்களில் கிடைக்கும் பெயரையும் நம்பி எழுத வேண்டாம். அவர் அந்த வேலையை விட்டுப் போய் ஓராண்டு ஆகியிருக்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட நல்ல வழி தொலைபேசி. ஜெர்மன் சரியாக வராத நிலையில் தொலைபேசியை எடுப்பது எவ்வளவு கூச்சமான காரியம் என்பது எனக்குத் தெரியும். கையில் எழுதி வைத்துக்கொண்டு படிப்பதில் ஒரு தவறும் இல்லை. உங்கள் பெயரைச் சொல்லிவிட்டு, 'அன் வென் டார்ஃப் இஷ் மைனெ பெவெர்புங் ரிஷ்டென்?' என்று கேளுங்கள். என் விண்ணப்பத்தை யாருக்கு முகவரியிட்டு எழுதலாம் என்பதுதான் அது. பெரும்பாலும் அரை நிமிடத்தில் பதில் வந்துவிடும். 'பணியாளர் துறைக்கு என்று எழுதினால் போதும்' என்று சொன்னால், பெயர் வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள் என்று பொருள். மனநிறைவோடு பொது விளியை எழுதலாம்.

பெயர் சொன்னால் மட்டும், எழுத்துக்கூட்டிச் சொல்லும்படி கட்டாயம் கேளுங்கள். 'மையர்' என்று ஒரே ஒலியில் வரும் குடும்பப் பெயருக்கு இங்கே குறைந்தது நான்கு எழுத்துக்கூட்டல் உண்டு. ஆங்கிலத்தில் படித்த நமக்கு இன்னொரு கண்ணியும் இருக்கிறது. 'எம், ஏ, ஈ, ஏ, எர்' என்று அவர்கள் சொல்வார்கள். நம் காதுக்கு 'ஏ' என்றால் ரோமன் நெடுங்கணக்கின் முதல் எழுத்து. அவர்களுக்கோ அது ஐந்தாவது எழுத்து. நமக்கு 'ஈ' ஐந்தாவது. அவர்களுக்கு அது ஒன்பதாவது. முதல் எழுத்தை அவர்கள் 'ஆ' என்பார்கள். எனவே காதில் விழுந்தபடி எழுதினால், அந்தப் பெயரில் மூன்று எழுத்துகள் தவறாகிவிடும். ஐயம் வந்தால், சொற்களை வைத்துச் சொல்லும்படி கேளுங்கள். வயதில் மூத்தவர்கள் 'ஆன்டன், பெர்ட்டா, எமில், ஈடா' என்று ஆட்பெயர்களைச் சொல்வார்கள். 2022-இல் வெளியான, 'டின்' எனப்படும் ஜெர்மன் தர நிறுவனத்தின் டின் 5009 தரவிதி அவற்றுக்குப் பதிலாக ஊர்ப்பெயர்களைக் கொண்டுவந்தது: ஆஹன், பெர்லின், எஸ்ஸன், இங்கெல்ஹைம் என்று போகும். நம் பக்கத்து ஊரான உன்னாவும் அந்த வரிசையில் இருக்கிறது. உயிரெழுத்தின் மேல் இரண்டு புள்ளி உண்டா என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ம்யூலர் என்ற பெயரில் அந்தப் புள்ளிகளை விட்டால் அது வேறு பெயர்.

பெயர் கிடைத்த பின் கவனிக்க வேண்டியது விகுதி. ஆண் என்றால் 'கெஏர்ட்டர் ஹெர்', பெண் என்றால் 'கெஏர்ட்டெ ஃப்ராவ்'. அந்த ஓர் எழுத்து மாறினால் வாக்கியம் முழுதும் இடறும். பெண்ணுக்குத் திருமணம் ஆகிவிட்டதா என்ற கேள்வி இங்கே எழுவதே இல்லை. ஆகாதவர்களைக் குறித்த 'ஃப்ரொய்லைன்' என்ற சொல்லை மேற்கு ஜெர்மனியின் உள்துறை அமைச்சகம் 1972-லேயே அலுவல் வழக்கிலிருந்து விலக்கிவிட்டது. எல்லாப் பெண்களும் 'ஃப்ராவ்'தான். இரட்டைக் குடும்பப் பெயர் என்றால் இடைக்கோட்டோடு இரண்டையும் எழுத வேண்டும். முனைவர் பட்டம் உள்ளவரை 'ஃப்ராவ் டாக்டர்' என்று பட்டத்தோடு விளிக்க வேண்டும். ஆய்வகங்களில் இது அடிக்கடி வரும், விட்டுவிடாதீர்கள்.

ஆணா பெண்ணா என்று தெரியாத பெயரும் வரும். கிம், ராபின் என்பவை இருபாலருக்கும் உண்டு. ஆந்த்ரேயா என்பது ஜெர்மானியரில் பெண்ணின் பெயர், இத்தாலியரில் ஆணின் பெயர். அப்படிப்பட்ட இடத்தில் வணக்கம் என்று பொருள்படும் 'கூட்டன் டாக்' என்று எழுதி முழுப் பெயரையும் சேர்த்துவிடுங்கள். அதில் பால் குறிப்பு வராது. பெயர் தெரியாதபோதும் வெறும் 'கூட்டன் டாக்' என்று தொடங்குகிறவர்கள் இப்போது கூடிவருகிறார்கள். வேலை விளம்பரங்களில் பதவிப் பெயருக்குப் பின் ஆண், பெண், பிற பாலினம் என்பதன் முதலெழுத்துகள் மூன்றும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 2017-இல் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் தந்த தீர்ப்பையும், அதைத் தொடர்ந்து 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தையும் ஒட்டி நிலைபெற்ற வழக்கம் அது. பெண்களே, ஆண்களே என்ற விளி எல்லோரையும் உள்ளடக்கவில்லை என்று நினைக்கிறவர்களுக்கு இந்த வாழ்த்து இசைவானது. இருபது ஆண்டுகளுக்கு முன் இதைச் சற்றுத் தளர்வானது என்பார்கள். இன்று எங்கள் அலுவலகத்தில் யாரும் அப்படி நினைப்பதில்லை. விளம்பரமே 'டூ' என்று உங்களை ஒருமையில் அழைத்தால், 'ஹலோ' என்றோ, குழுவினரே என்று பொருள்படும் 'லீபெஸ் டீம்' என்றோ எழுதலாம். 'ஸீ' என்று மரியாதைப் பன்மையில் அழைத்தால் வேண்டாம்.

இன்னொரு வழியையும் சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பெயர் கிடைத்திருக்கிறது, ஆனால் வேறு யார் யார் படிப்பார்கள் என்று தெரியாது என்றால், முதல் வரியில் அவரையும் அடுத்த வரியில் 'ஸேர் கெஏர்ட்டெ டாமென் உண்ட் ஹெரன்' என்றும் இரண்டையும் எழுதலாம். தெரிந்தவருக்கு உரிய மரியாதையும் போகும், தெரியாதவர்களும் விடுபடமாட்டார்கள்.

விளிக்குப் பிறகு காற்புள்ளி, ஒரு வெற்று வரி, பிறகு கடிதம். அந்தக் காற்புள்ளியோடு வாக்கியம் முடியவில்லை என்பது ஜெர்மன் இலக்கணத்தின் பார்வை. ஆகவே அடுத்த பத்தி சிறிய எழுத்தில் தொடங்க வேண்டும். பெயர்ச்சொல்லோ, உங்கள் என்று மரியாதையாகச் சொல்லும் 'ஈர்' போன்ற சொல்லோ முதலில் வந்தால் மட்டும் பெரிய எழுத்து. நீங்கள் 'இஷ்' என்று தொடங்கினால், 'நான்' என்பதை எப்போதும் பெரிய எழுத்தில் எழுதும் ஆங்கிலப் பழக்கம் கையை இழுக்கும். கணினியும் தானாகவே பெரிய எழுத்தாக மாற்றிவிடும். அனுப்பும் முன் அந்த ஒற்றை எழுத்தைத் திரும்பிப் பாருங்கள். எங்களுக்கு வரும் வெளிநாட்டு விண்ணப்பங்களில் நான் மிக அதிகமாகக் காணும் பிழை இதுதான். நாளை சுவிட்சர்லாந்துக்கு எழுத நேர்ந்தால் அங்கே வழக்கம் வேறு: விளிக்குப் பின் காற்புள்ளி இராது, அடுத்த பத்தி பெரிய எழுத்திலேயே தொடங்கும்.

பள்ளியில் நாம் பழகிய அனுப்புநர், பெறுநர், பொருள் என்ற வரிசை இங்கேயும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, அந்தத் தலைப்புச் சொற்களைத்தான் எழுதுவதில்லை. பெறுநர் இடத்தில் நிறுவனத்தின் பெயர், அதன் கீழ் 'பெர்ஸோனால்அப்டைலுங்' என்று பணியாளர் துறை, பிறகு தெருவும் அஞ்சல் எண்ணும் போதும். ஆணின் பெயரை முகவரியில் எழுதும்போது 'ஹெர்ன்' என்று னகரத்தோடு முடியும். விளியில் 'ஹெர்' மட்டும். பொருள் வரியில் 'பொருள்' என்ற சொல்லும் வேண்டாம், முற்றுப்புள்ளியும் வேண்டாம்; பதவியின் பெயரையும் விளம்பரத்தின் குறியீட்டு எண்ணையும் தடித்த எழுத்தில் எழுதுங்கள். பெயர் தெரியாத கடிதத்தில் இந்தக் குறியீட்டு எண் மிக முக்கியம், ஏனென்றால் உங்கள் கடிதத்தை உரிய மேசைக்குக் கொண்டுசேர்ப்பது அதுதான். அலுவலகக் கடிதங்களுக்கான டின் 5008 தரவிதிப்படி, பொருள் வரிக்கும் விளிக்கும் இடையே இரண்டு வெற்று வரிகள் விட வேண்டும். முடிவில், 'தங்கள் உண்மையுள்ள' என்ற இடத்தில் 'மிட் ஃப்ராய்ன்ட்லிஷன் க்ரூசன்'. அதன் பின் காற்புள்ளி கிடையாது.

அவர்கள் உங்களுக்கு எழுதும்போதும் இதே இக்கட்டு இருக்கிறது என்பதை மறவாதீர்கள். நம் பெயர்களில் எது ஆண், எது பெண் என்று அவர்களுக்குத் தெரியாது. உங்கள் அப்பாவின் பெயருக்கு முன் 'ஹெர்' என்று போட்டுப் பதில் கடிதம் வந்தால் மனம் வருந்த வேண்டாம். தொலைபேசியில் பேசும்போதே 'ஃப்ராவ்' என்று சேர்த்து உங்கள் குடும்பப் பெயரைச் சொல்லிவிட்டால், அவர்களுக்கும் அது உதவியாக இருக்கும்.

விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்றும், விளம்பரத்தின் கீழே ஒரு தொலைபேசி எண் மட்டும் இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். நாளைக் காலை ஒன்பது மணிக்கு மேல் அழையுங்கள். தாளும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். எவரும் எடுக்காவிட்டால் பிற்பகலில் இன்னொரு முறை. அப்போதும் பெயர் கிடைக்கவில்லை என்றால் மேலும் காத்திருக்க வேண்டாம். 'ஸேர் கெஏர்ட்டெ டாமென் உண்ட் ஹெரன்' என்று எழுதி, காற்புள்ளிக்குப் பின் வரும் எழுத்தைப் பார்த்துவிட்டு, நாளை மாலைக்குள் அனுப்பிவிடுங்கள். அதற்கு முன் ஒருமுறை நான் படித்துப் பார்க்க வேண்டுமானால் எனக்கு அனுப்புங்கள். ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அக்கா