அவள் அக்காவா, தங்கையா?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறான், இரண்டு வருடமாக. நல்ல பிள்ளைதான், ஆனால் நினைத்தது உடனே நடக்க வேண்டும், ஒரு நிமிடம் பொறுக்கமாட்டான். போன மாதம் மிக்ஸியை விற்றுவிட்டான். மூளைக்குக் காந்த சிகிச்சை கொடுத்தால் இந்த அவசரபுத்தி அடங்கும் என்கிறார்கள். என் ஐந்து பவுன் சங்கிலியை அடகு வைக்கலாமா? (வீடு மகள் சம்பளத்தில் ஓடுகிறது. அவள் ஏடிஎம் கார்டு இவனிடம்தான் இருக்கும். திருடுவதற்கு அது மேல் என்று விட்டுவிட்டோம்.)
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: முதலில் காந்தத்தை முடித்துவிடுகிறேன். அது மோசடி அல்ல. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழு செய்துகாட்டியது. தலைமேல் கம்பிச்சுருளை வைத்து டக் டக்கென்று காந்தத் துடிப்பை அனுப்புவார்கள்; அடியிலுள்ள நரம்பணுக்களில் சிறு மின்னோட்டம் எழும். கத்தி இல்லை, மயக்கமருந்து இல்லை. ‘பொறு’ என்று நம்மைப் பிடித்து நிறுத்துவதில் மூளையின் முன்பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. அதைத் தட்டியெழுப்பினால் கை நீள்வதற்கு முன் ஒரு கணம் தயங்கும் என்பது கணக்கு. மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008இல் மனச்சோர்வுக்கும், 2020இல் புகைப்பழக்கத்தை விடுவதற்கும் இதை அனுமதித்தது. போதை மாத்திரைக்கு இன்னும் ஆய்வு அளவில்தான்.

உங்கள் மகன் ஏற்றிக்கொள்வது டேபென்டடால் போன்ற ஓபியாய்டு (அபின் போல வேலை செய்யும் வலி மருந்து) என்றால், அதற்குக் கைகண்ட மருந்து புப்ரெனார்ஃபின். நாக்குக்கடியில் வைப்பது, மருத்துவர் கண்காணிப்பில். அதை யாரும் சொல்லவில்லையா? 14446 என்ற கட்டணமில்லா போதை மீட்பு உதவி எண்ணில் கேளுங்கள். ஊசி என்பதால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி பரிசோதனையை இந்த வாரமே செய்துவிடுங்கள்.

இனி, அடைப்புக்குறிக்குள் ஒளித்துவைத்தீர்களே, அந்தக் கார்டு.

ஒரு கணத் தயக்கத்தை வாங்க ஐந்து பவுனை அடகு வைக்கப் பார்க்கிறீர்கள். வாரக்கணக்கில் நாற்காலியில் உட்காரவைத்து வளர்க்கும் அந்தத் தயக்கம், தெருமுனை ஏடிஎம்மில் நான்கு எண்ணைத் தட்டினால் போயிற்று. திருடுவதற்கு மேலா? திருட வேண்டுமென்றால் வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்க்க வேண்டும், பையில் மறைக்க வேண்டும், வாங்குகிறவனிடம் பேரம் பேச வேண்டும். மிக்ஸிக்கு அரை நாளாவது அலைந்திருப்பான். அந்த அரை நாளையும் நீங்களே மிச்சப்படுத்திக் கொடுத்திருக்கிறீர்கள்.

‘விட்டுவிட்டோம்’ என்கிறீர்கள். அந்த ‘நாங்களில்’ மகள் உண்டா? மகன் வயதை எழுதத் தெரிந்த உங்களுக்கு மகள் வயதை எழுதத் தோன்றவில்லை. அவள் இவனுக்கு அக்காவா, தங்கையா என்பதுகூடக் கடிதத்தில் இல்லை. பெண்ணின் சம்பளத்தை எடுத்து ஆண்பிள்ளையின் ஓட்டையை அடைக்கும் வீடுகளைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது. உடன்பிறப்பின் கடமை என்று ஆரம்பிக்காதீர்கள். அவனைப் பெற்றது நீங்கள், அவள் அல்ல.

இன்றே மகள் அந்தக் கார்டை முடக்கட்டும். அவன் கத்துவான். அப்போது முன்னால் நிற்க வேண்டியவர் நீங்கள், அவளை முன்னால் தள்ளாதீர்கள். கை ஓங்கினால் 112ஐ அழையுங்கள்.

சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். மருந்து தொடங்கி, அவன் ஓரளவு நிலைகொண்ட பின், அந்த மருத்துவரே காந்தமும் உதவும் என்றால் பார்த்துக்கொள்ளலாம். முன்பு வலிப்பு வந்ததுண்டா, தலைக்குள் உலோகம் ஏதும் உண்டா என்று கேட்காத இடத்தில் கால் வைக்காதீர்கள்.

அடுத்த கடிதத்தை மகள் எழுதட்டும். இரண்டு வருடத்தில் எவ்வளவு போயிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.