அடைபட்ட பிஷப்பும் டி4 சிப்பாயும்

கேள்வி: சதுரங்கத்தில் கறுப்புக் காய்களுடன் ஓராண்டாகப் பிரெஞ்சுத் தடுப்பாட்டத்தை (வெள்ளையின் இ4 சிப்பாய்க்கு இ6 சிப்பாயால் பதில் தரும் தொடக்கம்) ஆடிவருகிறேன். வெள்ளை மூன்றாம் நகர்வில் சிப்பாயை இ5-க்குத் தள்ளினால் சி8-இல் உள்ள என் பிஷப் அடைபட்டுப்போகிறது. சென்ற மாதப் போட்டியில் டி4 சிப்பாயை எடுக்கப்போய் ராணியையே இழந்தேன். காரோ-கான் என்ற மற்றொரு தடுப்பாட்டத்துக்கு மாறிவிடலாமா?
– கல்லூரி மாணவர், தண்டையார்பேட்டை

பதில்: இப்போது மாற வேண்டாம். ராணி போனதற்குக் காரணம் நீங்கள் தேர்ந்த தடுப்பாட்டம் அன்று. காய்களை நகர்த்திய வரிசைதான். நீங்கள் சிக்கியது பெரும்பாலும் இந்த இடமாகவே இருக்கும்: உங்கள் குதிரை சி6-இலும் ராணி பி6-இலும் நிற்க, வெள்ளை தன் பிஷப்பை டி3-இல் வைக்கிறது. சி5 சிப்பாயால் டி4-இல் வெட்டுகிறீர்கள். வெள்ளையும் சி3 சிப்பாயால் திருப்பி வெட்டுகிறது. இப்போது டி4 சிப்பாயை உங்கள் குதிரையும் ராணியும் தாக்க, அதைக் காப்பது எஃப்3 குதிரை ஒன்றே என்பதால், இலவசமாகக் கிடைப்பதுபோல் தோன்றும். குதிரையால் எடுத்து, அது வெட்டப்பட்டதும் ராணியால் எடுத்தால், வெள்ளை பிஷப்பை பி5-க்கு நகர்த்தி செக் வைக்கும். டி வரிசை திறந்துகொள்ள, செக்கைத் தடுப்பதற்குள் உங்கள் ராணி டி1 ராணிக்கு இரையாகும். அந்தச் சிப்பாயை எடுக்குமுன் உங்கள் பிஷப்பை டி7-இல் வைத்திருந்தால் பி5-இல் செக்கே கிடையாது. உங்கள் பகுதியில் கேரம் ஆடாதவர்கள் குறைவு: சிவப்பைப் போடுமுன் ஃபாலோ காய் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம் அல்லவா, அதே முன்யோசனைதான் இது.

அடைபட்ட பிஷப்புக்கும் வழி உண்டு. குதிரையை சி6-க்குக் கொண்டுவர அவசரப்படாமல், ராணியை பி6-இலும் பிஷப்பை டி7-இலும் வைத்தால், அடுத்து பிஷப்பை பி5-க்கு நகர்த்தி வெள்ளையின் நல்ல பிஷப்போடு (சொந்தச் சிப்பாய்களால் அடைபடாத பிஷப்போடு) மாற்றிக்கொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுவே.

2024 நவம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்தில் நம் குகேஷுக்கு எதிராக டிங் லிரென் ஆடி வென்றதும் பிரெஞ்சுதான். அங்கே வெள்ளை முதலில் குதிரையை சி3-இல் வைத்த பிறகே இ5 தள்ளியது. அந்தக் கிளையை நீங்கள் பிறகு படிக்கலாம்.

தினமும் அரை மணி நேரம் ஒரு நண்பரோடு, டி3-இல் பிஷப் வந்த அந்த நிலையிலிருந்தே ஆடுங்கள். ஒருமுறை கறுப்பாக ஆடினால் அடுத்த முறை வெள்ளையாக ஆடுங்கள். எதிராளி எதற்கு ஆசைப்படுகிறார் என்பது வெள்ளைப் பக்கம் உட்கார்ந்தால்தான் விளங்கும். தோற்ற ஆட்டங்களின் நகர்வுத் தாள்களைப் பத்திரப்படுத்தி, எந்த நகர்வில் திட்டமில்லாமல் தடுமாறினீர்கள் என்று அந்தந்தத் தாளிலேயே குறித்துவையுங்கள்.

காரோ-கானில் பிஷப் எளிதாக எஃப்5-க்கு வந்துவிடுவது உண்மையே. ஆனால் அங்கே முதலில் சி6-இல் வைத்த சிப்பாயை மறுபடியும் சி5-க்குத் தள்ள ஒரு நகர்வு கூடுதலாகச் செலவாகும்.