வெள்ளையடிப்பதற்கு முன்னால்

கேள்வி: அப்பா தவறி ஒரு வருஷம் ஆகிறது அக்கா. குடியாத்தம் ஓட்டு வீட்டை விற்க வேண்டும். எனக்கு ராணிப்பேட்டையில் கணக்கர் வேலை, ஞாயிறு மட்டும்தான் லீவு. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: வெள்ளையடிப்பது அப்புறம் ஆகட்டும் தங்கச்சி. முதலில் காகிதங்கள். வேலூர் சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்து முடித்த பிறகுதான், பட்டா தாத்தா பேரிலேயே இருப்பது தெரிந்தது. வாங்க வந்தவர் போய்விட்டார். அந்த வருத்தம் உங்களுக்கு வேண்டாம். வில்லங்க விவரத்தை, அதாவது வீட்டின் பேரில் பதிவான விற்பனை, அடமானம் முதலியவற்றின் பட்டியலை, பதிவுத்துறை இணையதளத்தில் ராத்திரி வேலை முடிந்து வந்துகூடப் பார்க்கலாம். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். வீட்டு வரி, கரண்ட் பில் ரசீதுகளை ஒரே பையில் போடுங்கள். ஆபீஸ் லீவைப் பத்திரப்பதிவு நாளுக்கென்று சேர்த்து வையுங்கள். வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

உடைந்த ஓடுகளை ஐப்பசி மழைக்குள் மாற்றிவிடுங்கள். சுவர் ஊறினால் விலை இறங்கும்.

பரணை மட்டும் அவசரமாக ஒழிக்காதீர்கள். அம்மா இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறக்குங்கள். நான் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டேன். அப்பா வரவு செலவு எழுதிய நோட்டுகளும் அதில் போய்விட்டன.